சட்டத்துக்குக் கற்பூரம் ஏற்றிய போர்டுச் சாமி

முதலில் என் கையெழுத்துக்காக ஆசிரியர் அவர்கள் மன்னிக்க வேண்டும். பிண்ணாக்கு மூட்டைகளின் மேல் கறுப்பு மையால் குறி போட்டுப் பழகிய கை இது. சிறிதாக எழுத வராது. எங்கள் ஊர் பேரிகையில், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் எழுத்துப் பிழைகள் ஏராளமாக இருக்கும். அவற்றைத் தாராளமாகத் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதப்போகிற ஆளை மட்டும் திருத்த வேண்டாம். அவர் அப்படித்தான்.

சாமிக்குக் கற்பூரம் ஏற்றியவர்கள் கோடி பேர் இருப்பார்கள். சர்க்கார் சட்டத்துக்குக் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டவர் இந்த தேசத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கடலை எண்ணெய் மில்லில், மெஷின்களைச் சுழற்றுகிற நீள இரும்புத் தண்டுக்கு, அதாவது ஷாஃப்டுக்கு, எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மில் சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, ரோட்டை ஒட்டி இருந்தது. வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெலுங்கு, மீதியில் பாதிக்குக் கன்னடம், எஞ்சியவர்களுக்குத் தமிழ். திட்டுவதற்கு மட்டும் எல்லோரும் மூன்றையும் உபயோகிப்போம். முதலாளி பெங்களூரில் இருந்தார். மேனேஜர்தான் எங்களுக்கு எல்லாம். அவருடைய வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும், லீவு என்ற சொல் மட்டும் இருக்காது. யாராவது கேட்டால், "கடலை லீவு கேக்குதா? மெஷின் கேக்குதா? நீ மட்டும் எதுக்குடா கேக்கற?" என்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் எங்கள் மில்லில் இல்லை.

ஒரு நாள் பேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். தொழிலாளிகளுக்கு உள்ள உரிமைகளைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும், அது சட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் போர்டை வரவழைத்து, சட்டப்படியே சுவரில் மாட்டினார். எந்த உயரத்தில் என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லையே! குடோன் வாசலுக்கு மேலே, கூரைக்கு ஒரு முழம் கீழே மாட்டினார். அதைப் படிக்க வேண்டுமானால் சிட்டுக்குருவியாகப் பிறந்திருக்க வேண்டும், அல்லது ஏணி வேண்டும்.

ஏணி எண்ணெய்க்காரரிடம் இருந்தது.

அந்த ஷாஃப்டும் கூரைக்குக் கீழேதான் ஓடியது. தினமும் காலையில் எண்ணெய்க் குடுவையோடு ஏறுகிறவர் போர்டுக்கு நேர் எதிரே போய் நிற்பார். முதலில் தூசி தட்டினார். பிறகு துண்டால் துடைத்தார். பிறகு கும்பிட்டார். அந்த வாரமே ஒரு செம்பருத்திப் பூ அதன் தலையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவர் போர்டுச் சாமி. சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டுவாடாவில் கூட யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

"எதுக்கு அண்ணா பலகையைக் கும்பிடறீங்க?" என்று கேட்டால், "பலகையா? பல்லு போயிடும் ரா! நம்ம மாரியம்மா ஊரைக் காக்கறா. இந்தம்மா மில்லைக் காக்கறா" என்பார். ஆக, சட்டம் பெண் தெய்வம் என்பது முடிவாகிவிட்டது.

இதில் ஒரே ஒரு குறைதான். சாமிக்குப் படிக்கத் தெரியாது.

அதற்காக அவர் அஞ்சவில்லை. மில்லுக்கு வருகிற எழுத்துத் தெரிந்த ஆள் யாராக இருந்தாலும் பிடித்து ஏணியில் ஏற்றிவிடுவார். எனக்கு எழுத்துத் தெரியும் என்பதைக் கூச்சத்தில் நான் வெளியே சொன்னதில்லை. தபால்காரர் ஏறினார், லாரி டிரைவர் ஏறினார், மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்க வந்த சர்ச் உபதேசியாரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்த ஆடுகிற ஏணியில் நாலு வரிக்கு மேல் நிற்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் படித்துவிட்டு இறங்கி ஓடினார்கள். அந்தத் துண்டுகளையெல்லாம் சாமி தம் இஷ்டப்படி கோத்துக்கொண்டார்.

குடிதண்ணீர் வைக்கும் இடம் கக்கூசை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று தபால்காரர் படித்தார். எவ்வளவு தள்ளி என்பதைப் படிப்பதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. சாமி தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் அதைப் பக்கத்து நிலத்துக் கேழ்வரகுக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தார். நாங்கள் தண்ணீர் குடிக்கப் போனால் அந்த நிலத்துக்காரருடைய எருது குடித்துக்கொண்டிருக்கும். அது முடிக்கும் வரை நாங்கள் வரிசையில் நிற்போம்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வாய் தண்ணி குடிக்க அரை மணி நேரமா? மில்லு ஓடறதா, படுத்துக்கறதா?" என்று கத்திவிட்டு, முன்வாசல் பக்கம் ஓலைக் கொட்டகை போட்டு, மூடியோடு புதுப் பானை வைத்தார். சாமி கேட்டது அது இல்லை. ஆனால் சட்டம் கேட்டது அதுதான்.

ஓய்வு நேர விவகாரம் இதைவிடப் பெரியது. அதுவரை எங்கள் மில்லில் நின்றுகொண்டேதான் சாப்பாடு. ஒரு கையில் களி உருண்டை, மறு கையில் சாக்கு. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை வாங்கினால் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று லாரி டிரைவர் படித்துச் சொன்னார். மறுநாள் உச்சி வேளைக்குச் சாமி, மெஷினை ஓட்டுகிற பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டார். மெஷின் நின்றது.

"எல்லாரும் படுங்க!"

"படுக்கறதா? பசிக்குதுங்கண்ணா!"

"சட்டத்துல ஓய்வுன்னு போட்டிருக்குது. சாப்பாடுன்னு போடலை. படு!"

படுத்தோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், வரிசையாக, கண்ணை மூடிக்கொண்டு. சாமி நடுவில் உலாத்தினார். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"ஏமி ரா சிரிப்பு? சிரிக்கறதும் வேலைதான் ரா! மூடு வாயை!"

மெஷின் சத்தம் நின்றதைக் கேட்டு மேனேஜர் ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். வந்தவர் பார்த்தது என்ன? மில் முழுக்க ஆட்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். ஒருவரும் அசையவில்லை. "அய்யய்யோ, கடலையில் விஷம்!" என்று அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஓசூர் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார், பஸ்ஸிலிருந்த பாசஞ்சர்களெல்லாம் எங்களைப் பார்க்க இறங்கி வந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் நாங்கள் எழுந்து உட்கார்ந்தோம். ஒரு கிழவி பயந்து போய் எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பஸ் போன பிறகு மேனேஜர் கைகூப்பிச் சொன்னார்: "தினம் அரை மணி எடுத்துக்குங்கடா. உக்காந்து சாப்பிடுங்க. பேசுங்க. சிரிங்க. உங்க கால்ல விழறேன், வரிசையா மட்டும் படுக்காதீங்க."

இப்படித்தான் எங்களுக்கு ஒவ்வொன்றாகக் கிடைத்தது. சரியாகத் தெரிந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இனி என் விஷயத்துக்கு வர வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. என்னுடைய கூச்சம்தான் காரணம். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக அஞ்செட்டியில் பெண் அமைந்தது. ஆடு மாடு வைத்து விவசாயம் செய்கிற குடும்பம். மில் வேலையில் இருக்கிறார், மூன்றாவது வரை படித்தவர் என்ற இரண்டு காரணங்களுக்காக அவர்கள் என் வயதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

நாள் குறித்தார்கள். லீவு கேட்க மேனேஜர் அறை வாசலில் போய் நின்றேன். "என்ன?" என்று நிமிர்ந்து பார்த்தார். "குடிக்கத் தண்ணி வேணுங்களா சார்?" என்று கேட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் மேனேஜர் குடித்த தண்ணீரில் ஒரு எருமை குளித்திருக்கலாம். கல்யாண நாள் கடந்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவது நாள் குறித்தார்கள். மறுபடியும் தண்ணீர். மறுபடியும் காய்ச்சல்.

சொல்லாமல் போய்விடலாம்தான். ஆனால் சீசனில் சொல்லாமல் நின்றவனை மேனேஜர் மறுபடி உள்ளே விடமாட்டார். வேலை போனால் பெண்ணும் போய்விடும். வேலைக்குப் போனால் கல்யாணம் போய்விடும்.

மூன்றாவது நாள் ஐப்பசியில் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஆயுத பூஜை வந்தது. மில்லில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பெங்களூரிலிருந்து முதலாளியே வந்திருந்தார். சாமி இந்தத் தடவை போர்டையும் விடவில்லை. ஒரு சொம்பு சந்தனத்தைக் கரைத்து மேலிருந்து கீழ்வரை பூசி, அதன்மேல் விபூதிப் பட்டை போட்டு, வரிக்கு வரி குங்குமம் வைத்துவிட்டார். போர்டு மஞ்சள் காப்பு சாத்திய அம்மன் போல ஜொலித்தது. முதலாளி சிரித்துக்கொண்டே அதற்கும் சேர்த்துத் தீபாராதனை காட்டினார். பக்தியில் சட்டம் முழுக்க மறைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் மறுபூஜை போட்டுத்தான் மெஷின் ஓட்டுவது வழக்கம். அதற்காக எல்லோரும் கூடி நின்றோம். மில் சத்தமில்லாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல்:

"மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதுங்களா?"

பெண்ணின் அண்ணன். தோளில் துண்டு, கையில் மாடு ஓட்டுகிற தார்க்குச்சி. அஞ்செட்டியிலிருந்து வந்திருக்கிறார்.

"ரெண்டு தடவை பந்தல் போட்டு ரெண்டு தடவை பிரிச்சாச்சுங்க. மூணாவது தடவையும் பிரிச்சா அந்த மூங்கிலுக்கே மானம் போயிடும். தளியில ஒரு டெய்லர் எந்தங்கச்சியைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. வர்ற புதன்கிழமை வருவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் தரையைப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"புதன்கிழமையா?" என்றார் மேனேஜர். "இப்பத்தான் புதுக் கடலை வர ஆரம்பிச்சிருக்கு. லீவு கிடையாது."

"இருக்குது!" என்றார் சாமி. "சட்டத்துல இருக்குது! லீவு. அதுவும் சம்பளத்தோட!"

"எங்க இருக்கு? காட்டு."

சாமி மூங்கில் கழியை எடுத்துப் போர்டைக் காட்டினார். காட்டிய இடத்தில் சந்தனம் இருந்தது. இன்னோர் இடத்தைக் காட்டினார். அங்கே குங்குமம்.

மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நல்லாக் காட்டினே. போய் மெஷினை ஓட்டு."

சாமியின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அடுத்த நிமிஷம் ஏணியைத் தூக்கிச் சுவரில் சார்த்தினார். போர்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா தாயே, நேத்து சாத்தினதை இன்னிக்குக் கலைக்கறேன். கோவிச்சுக்காதே. கல்யாண காரியம்" என்று சொல்லித் துண்டை உதறினார். பிறகு கீழே பார்த்து, "படிக்க ஒரு ஆள் வேணுமே?" என்றார்.

தபால்காரர் இல்லை, உபதேசியார் இல்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பெண்ணின் அண்ணன் தார்க்குச்சியால் என்னைக் காட்டினார். "இவரு மூணாவது வரைக்கும் படிச்சவருன்னு சொல்லித்தானே பொண்ணைக் கேட்டீங்க? ஏறிப் படிக்கட்டும். அதையும் ஒரு கண்ணு பார்த்துட்டே போறேன்."

எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. சாமி எனக்கு ஒரு படி கீழே நின்று, ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறு கையை எட்டி முதல் வரியைத் துடைத்தார்.

"படி தம்பி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். எச்சில் துப்புவதற்குத் தொட்டிகள் வைக்க வேண்டும், மற்ற இடத்தில் துப்பக் கூடாது என்று இருந்தது. துப்புவதற்காக ஜன்னல் பக்கம் போன மேனேஜர் அப்படியே நின்றார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். விழுங்கிவிட்டார்.

"இது லீவு இல்லை" என்றார் சாமி. அடுத்ததைத் துடைத்தார்.

முதலுதவிப் பெட்டியில் மருந்தும் பஞ்சும் எப்போதும் இருக்க வேண்டும் என்று படித்தேன். எங்கள் மில்லில் அந்தப் பெட்டி இருந்தது. அதில் மேனேஜருடைய வெற்றிலையும் சுண்ணாம்பும் இருந்தன.

"இதுவும் இல்லை."

ஓடுகிற பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் தடுப்புப் போட வேண்டும் என்று அடுத்தது. எங்கள் பெல்ட்டுக்குத் தடுப்பு கிடையாது. போன வருஷம் அது சாமியுடைய வேட்டியை உருவிக்கொண்டு போய் ஷாஃப்டில் சுற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பிறகு அது அடங்கி, எல்லோரும் பெல்ட்டையே பார்த்தார்கள். வேட்டி போன இடத்தில் கை போயிருக்கலாம்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. "போதும், எறங்குப்பா! அந்தப் பலகையைத் துடைச்சுக்கிட்டே போனா இன்னும் என்னென்ன வருமோ! லீவு தானே? நான் குடுக்கறேன், போ!"

எனக்கு உயிர் வந்தது. ஒரு படி இறங்கினேன். சாமி வழியை விடவில்லை.

"நீங்க குடுக்கக் கூடாது!" என்றார் மேனேஜரைப் பார்த்து.

பெண்ணின் அண்ணன் பதறிப்போனார். "யோவ், குடுக்கறேன்னு சொல்றாருல்ல? உனக்கு என்னய்யா?"

"இன்னிக்கு இவரு குடுத்தா நாளைக்கு இவரே இல்லைன்னுவாரு. அந்தம்மா குடுக்கட்டும். படி தம்பி, மேல ஏறு!"

அந்த நிமிஷம் அவரை அங்கிருந்து தள்ளிவிடலாமா என்று தோன்றியது. பெண்ணின் அண்ணன் திரும்பிப் போய்விடுவார், பெண் போய்விடும், இந்த மனிதர் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்! குடிதண்ணீர் வந்தது. ஓய்வு நேரம் வந்தது. வாராந்தர விடுமுறை வந்தது. போர்டில் இன்னும் ஒரே ஒரு சந்தனத் திட்டுதான் பாக்கி. சாமி அதன்மேல் துண்டை வைத்தார், துடைக்கவில்லை. எனக்குப் புரிந்தது. லீவு உண்டு என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவராகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

துடைத்தார்.

"பன்...னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்த தொழி...லாளிக்கு, சம்பளத்துடன் கூடிய விடு...முறை பெற உரிமை உண்டு."

சாமி என் காதருகே, "இன்னொரு தடவை" என்றார். இரண்டாம் தடவை நான் எழுத்துக் கூட்டவில்லை. கீழே நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். என் குரல் கூரையில் பட்டுத் திரும்பி எனக்கே கேட்டது. இவ்வளவு பெரிய குரல் எனக்கு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தச் சூட்டோடு, போர்டில் இல்லாததையும் சொல்லிவிட்டேன்.

"சார், புதன்கிழமை எனக்குக் கல்யாணம். எனக்கு லீவு வேணும். சாமிக்கும் வேணும்."

"அவனுக்கு எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"அவரு எனக்கு மாப்பிள்ளைத் தோழர்."

என் இடுப்பில் சாமியின் பிடி தளர்ந்தது. இத்தனை பேருக்கு இத்தனை கேட்ட மனிதர், தமக்கென்று ஒரு நாள் கூட லீவு கேட்டதில்லை. அவருக்காகக் கேட்க ஆள் இருந்ததும் இல்லை.

மேனேஜர் இரண்டு பேருக்கும் லீவு எழுதினார். பெண்ணின் அண்ணன் என் அருகில் வந்து, முதல் தடவையாக, "வாங்க மாப்பிள்ளை, ஒரு டீ சாப்பிடலாம்" என்றார். பெல்ட்டைச் சுற்றி அந்த மாதமே கம்பித் தடுப்பு வந்தது. எச்சில் தொட்டி வந்தது. போர்டும் ஆள் உயரத்துக்கு இறங்கி வந்தது.

தாலி கட்டியதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நல்லபடியாகக் கட்டினேன் என்பதோடு விட்டுவிடுங்கள். அதற்கு முந்தின நாள் பஸ்ஸில் போனதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

தேன்கனிக்கோட்டையில் அஞ்செட்டி பஸ் ஏறினோம். சாமி வெளுத்த வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி அழுத்தி வாரியிருந்தார். சீட்டில் உட்கார்ந்ததும், பஸ்ஸில் இத்தனை பேரை நிற்க வைக்கலாமா என்று கண்டக்டரோடு வாதம் பண்ணப்போகிறார் என்று பயந்தேன். அவரோ ஜன்னலுக்கு வெளியே காடு வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். "லீவுன்னா இப்படித்தான் இருக்குமா தம்பி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனார். தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது. புதுச் சட்டையில் எண்ணெய் படிவது தெரிந்தது. வளைவுக்கு வளைவு பஸ் குலுக்கியது. அஞ்செட்டி வரும் வரை நான் தோளை அசைக்கவில்லை.

1959 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை.